என் வாயில் வேறொருத்தி

ரிங்லெட்
11 பிப்ரவரி 2024

துளசிக்கு அப்பாயி எழுதுவது.

நல்ல சேதிகளை முதலில் எழுதிவிடுகிறேன். உன் தம்பி கோகிலன் பினாங்கில் இந்தத் தடவையும் நல்ல மார்க் வாங்கி, அவன் பேரைப் பல்கலைக்கழகத்தில் பலகையில் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு வருஷத்தில் இஞ்சினியர். உன் அக்காவுக்குக் கம்போங் ராஜா பள்ளிக்கூடத்திலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது. பிள்ளைகளின் அம்மாமார்கள் ஸ்ட்ராபெரி கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். உன் அண்ணன் ஷாமலை ஈப்போ ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் மற்றவர்களுக்கு மேலே போட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் மேலே நீ. பக்கத்து வீட்டு மணியம்மா, தன் பேரனுக்கு லோரி லைசென்ஸ் கிடைத்ததை ஒரு வாரம் பேசினாள். என் பேத்தி ஒரு முழுப் படம் எடுத்ததை நான் ஒரு வருஷமாவது பேச வேண்டாமா?

படம் எடுக்க வந்த நீங்கள் ஐந்து பேரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மைக்கைக் கட்டக் கம்பு இல்லை என்று என் ஒட்டடைக் குச்சியை, சத்தம் பதிகிற ரூபன் எடுத்துப் போனான். போகட்டும். பனி இறங்கினால் வேலை நின்றுவிடும், ஏறினால் எல்லாரும் மேட்டுக்கு ஓடுவீர்கள், அதற்குள் மழை. காசு கொடுத்து ஆள் வைக்க முடியாமல், சமைத்த நானே கதாநாயகியாகவும் நடித்தேன்.

அந்த ஒரு விஷயம் மட்டும் எழுதணும். கதையில் சேற்று வெள்ளத்துக்குப் பிறகு புருஷன் வீடு திரும்பவில்லை, பொம்பளை தேயிலை மேட்டில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடணும் என்றாய். முனியன் என்றோ சுப்பன் என்றோ வைத்துக்கொள் என்றேன். "இல்ல அப்பாயி, தாத்தா பேரே இருக்கட்டும். அப்பத்தான் உங்க குரல் நெசமா நடுங்கும்" என்று நீதான் சொன்னாய். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட அவருடைய அடையாள அட்டையை நீட்டுவேன். உனக்காகச் சொன்னேன். நடுங்கியது உண்மைதான். முடிந்ததும் நீங்கள் கை தட்டினீர்கள், நான் தேயிலைச் செடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

உன் தாத்தாவோ கூச்சப்பட்டு, ஷூட்டிங் முடியும்வரை லெம்பா பெர்த்தாமில் உன் சித்தப்பனின் காய்கறித் தோட்டத்தில் போய் ஒளிந்துகொண்டார். திரும்பி வந்ததும் லயத்தில் வீட்டுக்கு வீடு அவரிடம் சொல்லிவிட்டார்கள். ரெண்டு நாள் போனது. அப்புறம் தேத்தண்ணி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"எம்பேரச் சொன்னியாமே?"

"ஆமா."

"எப்படிச் சொன்னே?"

"படத்துல வரும், கேட்டுக்குங்க."

"இங்க ஒரு தரம் சொல்லேன்லா."

"போங்க அந்தப் பக்கம்."

படத்துக்கென்று சொன்னது வேறு, அடுப்படியில் சொல்வது வேறு. அதிலிருந்து ஷாமல் எப்போது போன் பண்ணினாலும் உன் தாத்தா, "படம் எப்ப வருது?" என்றுதான் முதலில் கேட்கிறார். சீக்கிரம் முடி. இங்கே ஒருத்தர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அப்பாயி நாகமணி

* * *

செந்தூல், கோலாலம்பூர்
26 பிப்ரவரி 2024

அப்பாயி,

உங்கள் கடிதத்தை பஸ்ஸிலேயே படித்துச் சிரித்தேன். ஒட்டடைக் குச்சிக்கு ரூபன் மன்னிப்புக் கேட்கச் சொன்னான்.

இங்கே நிலைமை கொஞ்சம் சிரமம். என் கம்ப்யூட்டர் பாதி வேலையில் படுத்துவிட்டது. ஒரு தோழி வீட்டுக் குசினியில் உட்கார்ந்து அவளுடையதில் படத்தை வெட்டி ஒட்டுகிறேன். அவள் சமைக்க வந்தால் நான் எழுந்துவிட வேண்டும். முதலில் வெட்டிய வடிவத்தை எத்தனையோ திரைப்பட விழாக்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள், யாரும் திரையிடக் கூப்பிடவில்லை.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. சென்னையில் ஒரு கம்பெனி, இணையத்தில் படங்கள் போடுகிறவர்கள், பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். சின்னச் சின்ன மாற்றம் செய்யச் சொல்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

தாத்தாவிடம் சொல்லுங்கள், நீங்கள் "சின்னக்கருப்பா" என்று கூப்பிடும் இடத்தில்தான் இந்தப் படமே நிற்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் என் கை வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. படம் தயாரானதும் முதலில் உங்கள் எல்லாருக்கும்தான். ரிங்லெட்டில் ஒரு மண்டபம் எடுத்துப் போட்டுக்காட்டுவேன். நானே வருவேன், தாத்தா பக்கத்தில் உட்காருவேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம், அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

துளசி

* * *

ரிங்லெட்
7 ஜூலை 2024

துளசிக்கு,

அந்த அடுத்த கடிதம் வரவேயில்லை. படம்தான் வந்தது.

நேற்று மண்டபத்தில் போட்டார்கள். நீ வருவாய் என்று உன் தாத்தா பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். உனக்கு உடம்பு சரியில்லையாம், ஷாமல் மட்டும் படம் காட்டுகிற பெட்டியோடு வந்தான். லயத்தில் வீட்டுக்கு ஒருவராவது வந்துவிட்டார்கள். முத்தலிப் பாய் சாப்பாட்டுக் கடையைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்தார். உன் தாத்தா கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

விளக்கை அணைத்தார்கள். நான் திரையில் வந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். வாயைத் திறந்தேன். யாரோ பேசுகிறாள்.

நான் "லோரி வந்துருச்சாலா?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அவள் "லாரி வந்துடுச்சா தாயி?" என்கிறாள். நம் லயத்தில் யார் யாரைத் தாயி என்று கூப்பிட்டார்கள்? என் உதடு ஒரு பக்கம் போகிறது, அவள் பேச்சு ஒரு பக்கம் போகிறது. மணியம்மா என் விலாவில் இடித்து, "யக்கா, எப்ப மெட்ராஸ் போயி பேச்சுப் படிச்சுட்டு வந்தே? எங்ககிட்டச் சொல்லவே இல்லியே" என்றாள். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்த இடத்துக்கு மட்டும் என் குரலை விட்டிருப்பாள் என் பேத்தி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த இடம் வந்தது. மேடு, பனி, நான் நிற்கிறேன். உன் தாத்தா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்.

ஊரே பார்க்க, ஒருத்தி என் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பி, "யாரு அது?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். வேனில் வீட்டுக்கு வந்தோம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த நடுக்கம் வேண்டும் என்றுதானே அவர் பேரைக் கேட்டாய். கொடுத்தேன். பாத்திரம் கழுவுகிற மாதிரி அதைக் கழுவிவிட்டு வேறு எவளையோ ஊற்றிவைத்திருக்கிறாய். ஏன் என்று எழுது.

போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். என் குரல் உனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டதே. இனி கையெழுத்துதான்.

நாகமணி

* * *

செந்தூல்
15 ஜூலை 2024

அன்புள்ள அப்பாயி,

"நாகமணி" என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அப்பாயி என்ற சொல்லைத் தேடினேன், இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நாம் படம் எடுத்த நாட்களில் மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்குத் தெரியும். தகரக் கூரைச் சத்தம், காற்று, எல்லாம் உங்கள் பேச்சுக்குள் ஏறிவிட்டது. ரூபனுடைய ஒலிப்பதிவுக் கருவியில் தண்ணீர் வேறு இறங்கியிருக்கிறது. மேட்டில் எடுத்தது முழுக்கக் கெட்டுப்போய்விட்டது. அவனைக் குறை சொல்லக் கூடாது, நல்ல கருவி வாங்க என்னிடம் வசதி இல்லை. ஆனாலும் அவன் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம். வேறு வழியில்லாமல் சென்னையிலேயே ஒரு அம்மாவை வைத்துப் பேசவைத்தோம். அனுபவமுள்ளவர். உங்கள் காட்சியைப் பார்த்து அழுதுவிட்டார்.

உங்களைக் கூட்டிவந்து பேசவைத்திருக்கலாம் என்பீர்கள். இருட்டு அறையில் திரைக்கு முன்னால் நின்று, உதட்டைப் பார்த்துப் பேச வேண்டும், அது பழகியவர்களுக்கே கஷ்டம். உங்களை அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே காய்ச்சல்.

தாத்தாவை என்னிடம் ஒரு முறை பேசச் சொல்லுங்கள்.

துளசி

* * *

ரிங்லெட்
18 ஆகஸ்ட் 2024

துளசிக்கு,

உன் கடிதத்தை நம்பினேன். மழைதானே, யார் என்ன செய்ய முடியும் என்று உன் தாத்தாவிடமும் படித்துக்காட்டினேன். மணியம்மாவிடம், "மிஷின்ல தண்ணி எறங்கிருச்சு, எம்பேத்தி என்ன பண்ணுவா?" என்று உனக்காகச் சண்டை போட்டேன்.

போன வாரம் ரூபன் வந்தான். கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணத்தைப் படம் எடுக்கப் போகிற வழியில், பாட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்திருக்கிறான். வாசலிலேயே நிறுத்தினேன்.

"வாடா ராசா. என் குரல மழையில நனைய விட்டவன் நீதானே?"

"என்னா பாட்டி சொல்றீங்க?"

"மிஷின்ல தண்ணி எறங்கி எல்லாம் கெட்டுப்போச்சாமே."

அவன் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "யாரு சொன்னது? ஒண்ணுமே கெடலியே பாட்டி. எல்லாம் சுத்தமா இருக்கு. மேட்டுல நீங்க கூப்பிட்டது இருக்கே, அதுமாதிரி நான் எதையும் பதிஞ்சதில்ல. அத எடுத்துட்டு வேற குரல் போட்டாங்கன்னுதான் நான் துளசிகூடப் பேசறதில்ல. உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சாங்கன்னு நெனச்சேன்."

சாப்பிடு என்று தட்டு வைத்தேன். அவனுக்கும் இறங்கவில்லை, எனக்கும் இறங்கவில்லை. உன் தாத்தா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

குரலை எடுத்தாய், அது ஒன்று. பொய் எழுதினாய், அது இரண்டு. அந்தப் பொய்யைக் கொண்டுபோய், நம் வீட்டுக் கூடத்தில் படுத்து, நான் போட்ட சோற்றைத் தின்று, குளிரில் நடுங்கிக்கொண்டு உனக்குச் சும்மா வேலை செய்த பிள்ளை தலையில் வைத்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம் வீட்டில் பிள்ளைகளை நான் பெருமையாகத்தான் பேசுவேன். இந்த ஒரு வாரமாக உன் பேர் வந்தால் பேச்சைக் கோகிலன் பக்கம் திருப்பிவிடுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தில் என் முகம் இருக்க வேண்டும் என்றால் என் குரலோடு இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டையும் எடுத்துவிடு. இந்தத் தடவை பொய் எழுதாதே. எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நாகமணி

* * *

செந்தூல்
30 ஆகஸ்ட் 2024

அப்பாயி,

மழை இல்லை. தண்ணீர் இறங்கவில்லை. ரூபனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்தான், கேட்டுக்கொண்டான், மூடிவிட்டான்.

சென்னைக் கம்பெனிக்காரர்கள், "இந்த அம்மா பேசறது எங்க ஆளுங்களுக்குப் புரியாதுங்க. தமிழ்ல பேசச் சொல்லுங்க" என்றார்கள். அவர் தமிழ்தான் பேசுகிறார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது கோபம் வரவில்லை, அப்பாயி. வெட்கம் வந்தது. உங்களை நினைத்து வெட்கம். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. சரி சார், மாற்றிவிடலாம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். அவர்கள் வற்புறுத்தக்கூட இல்லை.

அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. வண்டியில் தாப்பா வரைக்கும் வந்தேன். மலை ஏறுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, கடை ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆனால் என் பக்கத்தையும் நீங்கள் கேட்கணும். மூன்று வருஷம் இதற்காக வேறு வேலைக்குப் போகாமல் இருந்தேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். எல்லாக் கதவும் சாத்திய பிறகு ஒரே ஒரு கதவு திறந்தது. படம் யாருமே பார்க்காமல் உங்கள் குரலோடு என் பெட்டிக்குள்ளேயே கிடப்பதா, நாலு பேர் பார்க்கிற மாதிரி வேறு குரலோடு போவதா? நீங்களே சொல்லுங்கள், நான் தேர்ந்தெடுத்தது உங்களுக்குப் பிடிக்காதது என்றாலும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முகத்தையும் எடுக்க முடியாது, முழுக் குரலையும் திருப்பிப் போட முடியாது. சண்டை போட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். அந்த மேட்டுக் காட்சியில் மட்டும் மாற்ற ஒத்துக்கொண்டார்கள். பேர்தானே, யாருக்கும் புரியும் என்கிறார்கள். அந்த ஒரு இடத்தில் உங்கள் குரலையே வைத்துவிடுகிறேன். சரியென்று ஒரு வரி எழுதுங்கள்.

ரூபன் பதிந்தது என்னிடம் இருக்கிறது. தாத்தா கேட்கட்டும் என்று ஷாமலிடம் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படத்தில்தான் கேட்க வேண்டும் என்று அவர் காத்திருந்தார். கெடுத்துவிட்டேன்.

துளசி

* * *

ரிங்லெட்
22 செப்டம்பர் 2024

துளசிக்கு,

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. வெட்கம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் உன் தாத்தாவுக்குப் படிக்கவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

ஷாமல் வந்து, போனைச் சின்ன ஒலிபெருக்கியில் மாட்டி, கூடத்தில் வைத்தான். நான் குசினிக்குப் போய்விட்டேன், ஆனாலும் காது கூடத்திலேதானே இருக்கும். முதலில் காற்று. செடி உரசுகிற சத்தம். அப்புறம் நான். என் குரல் அவ்வளவு கட்டை என்று எனக்கே தெரியாது.

 பிறகு உன் தாத்தா, "என்னடா இது, காணாமப் போன மாட்டத் தேடற மாதிரியில்ல இருக்கு" என்றார். ஷாமல் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னொரு தரம் போடு" என்றார். போட்டான். நான் கூப்பிட்டு முடித்ததும், அந்தப் பெட்டியைப் பார்த்து, லயமே கேட்கிற மாதிரிப் பதில் சொன்னார்:

"இங்கதான் இருக்கேன்லா! ஏன் கத்தறே?"

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

எனக்கும் அவருக்கும் அந்த விஷயம் தீர்ந்துவிட்டது. உனக்கும் எனக்கும் தீரவில்லை.

அந்த ஒரு இடத்தில் மட்டும் என் குரலை வைக்கிறேன் என்கிறாய். வேண்டாம். மற்ற இடமெல்லாம் அவள் பேசி, நடுவில் ஒரே ஒரு தடவை நான் கூப்பிட்டால், பார்க்கிறவர்களுக்கு எது இரவல் குரலாகத் தெரியும்? என்னுடையதுதான். சொந்த முகத்தில் நான் இரவலாக நிற்க மாட்டேன். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பிழைப்பு அது. லோரியை லாரி என்று சொல்லட்டும், ஊரெல்லாம் தாயி என்று கூப்பிடட்டும். ஆனால் அவள் என் புருஷனைக் கூப்பிட வேண்டாம். அந்த இடத்தில் அவள் குரலையும் எடுத்துவிடு, என்னுடையதையும் வைக்காதே. என் வாய் மட்டும் அசையட்டும். யாரைக் கூப்பிடுகிறாள் இந்தக் கிழவி என்று சென்னைக்காரர்கள் கேட்டால், உங்களுக்குப் புரியாது என்று சொல். அதையாவது தலை நிமிர்ந்து சொல்.

பெட்டிக்குள் கிடப்பதா, வெளியே போவதா என்று என்னைக் கேட்டாய். நான் என்ன சொல்வது? வெளியே போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன், முதலிலேயே கேட்டிருந்தால். "என் குரல எடுத்துக்கடி, படம் போகட்டும்" என்று நானே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. அதுதான் இத்தனையும்.

படம் வந்த பிறகு வாசலில் நான்கு பேர் கேட்பார்கள். என் பேத்தி எடுத்தது என்று சொல்லத்தான் செய்வேன். அதற்கு மேல் பேச மாட்டேன்.

ஒரு காரியம். ஷூட்டிங் அன்று தொப்பி போட்டுக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறாயே, அந்தப் போட்டோவைக் கூடத்துச் சுவரிலிருந்து இறக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அந்த டைரக்டர் அம்மாவோடு எனக்கு இப்போதைக்குப் பேச்சில்லை. ஆனால் கோகிலனுக்கும் உன் அக்காவுக்கும் நடுவில் வெறும் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, உன் தாத்தா போகவர அதையே பார்க்கிறார். தொப்பி வேண்டாம், கேமரா வேண்டாம். தலையை ஒழுங்காக வாரி, நேராகப் பார்த்து, புதிதாக ஒரு போட்டோ எடு. போனில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது. கடையில் கொடுத்துக் கழுவி, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.

அப்பாயி